தலையணை உறையில் வந்த ரொட்டி

எங்கள் பக்கத்தில் ரொட்டி என்பது காய்ச்சல்காரர்களின் சாப்பாடு. கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு தெருவில் நடந்தால், எதிரில் வருகிறவர்கள் வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று கேட்பார்கள். பாலில் நனைத்து வேண்டா வெறுப்பாக விழுங்கிவிட்டு, காய்ச்சல் விட்டதும் மறந்துவிடுகிற பண்டம் அது. ஆனால் வெள்ளைக்காரர்கள் மூன்று வேளையும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்பதில் எங்கள் சனங்களுக்கு அசையாத நம்பிக்கை. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பிள்ளையின் தகப்பன் வந்தாலும், ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார சிஸ்டருக்கென்று ஒரு ரொட்டி வாங்கி வருவார். கான்சாபுரத்திலிருந்து வெயிலில் பஸ் ஏறி வருகிறவர்கூட, பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் நின்று ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்.

சிஸ்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்வார், படிக்காவிட்டாலும். வந்தவர் தலை மறைந்ததும் ஹாஸ்டல் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைப் பிய்த்துக் கொடுத்துவிடுவார். ஒரு விள்ளல் அவர் வாய்க்குப் போய் நான் பார்த்ததில்லை. காலையில் இட்லி, மத்தியானம் சோறும் புளிக்குழம்பும், ராத்திரிக்குக் கஞ்சி. ஒரு தடவை டைபாய்டு வந்து, ரொட்டியும் பாலும் மட்டும்தான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு கஞ்சியே குடித்தார். ரொட்டி தின்னாத வெள்ளைக்காரி என்று ஊரில் அவரைப் பற்றி ஒரு சிரிப்பு இருந்தது. நாங்களும் அதில் சேர்ந்து சிரித்திருக்கிறோம்.

அப்போது அவருக்கு எழுபத்தேழு வயது. நல்ல உயரம், கொஞ்சம் கூன், வெயிலில் ஐம்பது வருஷம் கிடந்து சிவந்துபோன மூக்கு. அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியதும் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் போட்டுவிட்டார்களாம். தமிழை அங்கே வைத்தியத்துக்கு வந்த பொம்பளைகளிடம்தான் கற்றார். அதனால் அவர் வாயைத் திறந்தால் அடிவாரத்துத் தமிழ்தான் வரும். எங்களையெல்லாம் ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் மரியாதையாக ‘டீச்சர்’ என்பார். அவரை இங்கிலீஷ்காரி என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுக்க மாட்டார். உங்களை ஆண்டவர்கள்தான் எங்களையும் ஆண்டார்கள் என்று பொரிந்து தள்ளுவார்.

எனக்கு வயது இருபத்து நான்கு. வீடு ராஜபாளையத்தில். அப்பா வீட்டுக்குப் பின்னால் நாலு பவர்லூம் போட்டு பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்தார். நான் தினமும் காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் திரும்புவேன். படித்த சரித்திரம் கொஞ்சம், பேசிய பேச்சு அதிகம். சுதந்திரம், புரட்சி, தியாகம் என்று ஆரம்பித்தால் பெல் அடித்ததுகூட எனக்குக் கேட்காது.

இந்தக் கதையில் மூன்றாவது ஆள் ஹாஸ்டல் சமையல்காரம்மா. வத்திராயிருப்புக்காரி. சின்னப் பெண்ணாக டிஸ்பென்சரியில் தண்ணீர் எடுத்து ஊற்ற வந்தவள், சிஸ்டர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாறியபோது கூடவே வந்துவிட்டாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம். அமாவாசை, கிருத்திகை எதையும் விட்டதில்லை. சிஸ்டர் அவளைக் கிறிஸ்தவ வேதத்துக்குக் கூப்பிட்டதுமில்லை, அவள் போனதுமில்லை. இருவரும் தினமும் சண்டை போடுவார்கள். புளி எவ்வளவு கரைக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் சண்டை.

சிஸ்டர் இந்தியாவுக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகிறது, ஆகஸ்டில் விழா எடுக்கலாம் என்று தலைமை சிஸ்டர் சொன்னபோது, கலை நிகழ்ச்சிக்கு நாடகம் என் பொறுப்பு என்று நானாகக் கையைத் தூக்கினேன். அவர் ஊரின் விடுதலைப் போராட்டத்தையே நாடகமாகப் போட்டு அவரை அசத்திவிட வேண்டும் என்பது என் எண்ணம். லைப்ரரியில் இருந்த ஒரு பழைய கலைக்களஞ்சியத்தில் அதைப் பற்றிப் பத்து வரி இருந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஈஸ்டர் வாரத்தில், அயர்லாந்துப் போராளிகள் டப்ளின் நகரத்துத் தபால் நிலையத்தையும் இன்னும் சில கட்டடங்களையும் பிடித்து வைத்துக்கொண்டு தங்கள் நாடு குடியரசு ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். பிரிட்டிஷ் ராணுவம் பீரங்கி வைத்து அடித்தது. ஒரு வாரத்தில் சரணடைந்தார்கள். தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவ்வளவுதான். அந்தப் பத்து வரியை வைத்து நான் ஒரு மணி நேர நாடகம் எழுதினேன். பத்தாம் வகுப்பில் உயரமான பிள்ளைகள் எல்லோரும் வீரர்கள். பக்கத்து ஆண்கள் பள்ளிக்கூடத்தில் என்சிசிக்காரர்களிடம் மரத் துப்பாக்கி இரவல் வாங்கினேன். காயம்பட்ட வீரர்களுக்குக் கட்டுப்போட அப்பாவிடம் சொல்லி ஒரு முழுச் சுருள் பேண்டேஜ் துணி கொண்டுவந்து சிவப்பு மை தெளித்தேன். எங்கள் ஊர்த் துணி நாடு முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறது, அயர்லாந்துக்குப் போனால் என்ன என்று எனக்கு ஒரே பெருமை.

ஒத்திகை முக்கால்வாசி முடிந்ததும் சிஸ்டரைக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். பிள்ளைகள் ஆவேசமாக நடித்தார்கள். அட்டைத் தபால் நிலையத்தின் மேல் கொடி ஏறியது. துப்பாக்கிச் சத்தத்துக்காக ஆயா ஒருத்தி திரைக்குப் பின்னால் தகரத்தைக் கட்டையால் அடித்தாள். வசனம் பேசிக்கொண்டே ஒவ்வொருத்தியாக விழுந்தார்கள். விழ வேண்டாத ஒரு பிள்ளையும் ஆசையில் விழுந்தது. நான் நாடகத்தைப் பார்க்கவில்லை, சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கும், என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் மேடையை ஓரத்துக்கு ஓரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“சண்டை நல்லாத்தான் போடுதாளுக. அந்தத் தெருவுல குடியிருந்த சனமெல்லாம் எங்கட்டி?”

எனக்குப் புரியவில்லை. மேடை சின்னது, அத்தனை பேரை ஏற்ற முடியாது என்றேன். அவர் விடவில்லை. ரொட்டிக் கடை எங்கே என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. விடுதலைப் போராட்ட நாடகத்துக்கு ரொட்டிக் கடை எதற்கு சிஸ்டர் என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டுவிட்டேன். அதுவும் ரொட்டியை வாயில்கூட வைக்காத மனுஷி கேட்கிற கேள்வியா என்று மனசுக்குள் வேறு ஓடியது. அவர் எழுந்து போய்விட்டார்.

அன்று ஸ்டாஃப் ரூமில் நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. என்ன இருந்தாலும் வெள்ளைத் தோல், தன் ஊர்க்காரர்களே சண்டை போட்டாலும் பிடிக்கவில்லை என்றேன். இந்த மாதிரிப் பேச்சுக்குச் சுவருக்கெல்லாம் காது உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சுவர் சமையல்காரம்மாவின் சமையல்கட்டுச் சுவர்தான். இரண்டு நாள் நான் சிஸ்டர் இருக்கிற பக்கம் போகவில்லை. மூன்றாவது நாள் மத்தியானம் அவளே வந்து வாசலில் நின்றாள்.

“டீச்சர், செத்த நேரம் அடுப்படிக்கு வாங்க. பேசினதை அங்க வந்து பேசுங்க.”

போனேன். சிஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு சுளகை நகர்த்திவிட்டாள் சமையல்காரம்மா. மன்னிப்புக் கேட்பதா, வாதம் செய்வதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிஸ்டர் அரிசியைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரம் டப்ளினில் அவருக்கு ஆறு வயது. பெரிய பழைய வீடு ஒன்றில் ஓர் அறைதான் அவர்கள் குடித்தனம். அதே வீட்டில் அறைக்கு ஒன்றாக இன்னும் பல குடும்பங்கள். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து பிரான்சில் சண்டைக்குப் போயிருந்தார். ராஜா மேல் உள்ள பாசத்தில் போகவில்லை, ஊரில் வேலை இல்லாமல் போனார். அவர் சம்பளத்தில் வீட்டுக்கு வரும் பங்கை அம்மா வாராவாரம் தபால் நிலையத்தில் போய் வாங்கி வருவாள். அந்தத் தபால் நிலையத்தைத்தான் போராளிகள் பிடித்தார்கள். அதற்குள் துப்பாக்கியோடு நின்றவர்களில் மேல்மாடி வீட்டு அக்காவின் தம்பியும் ஒருவன். அவன் இவர்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கித் தருகிறவன்.

முதல் நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி இருந்ததாம். மூன்றாவது நாள் பீரங்கி வந்தது. கடைகள் மூடிவிட்டன. வீட்டில் மாவு இல்லை, ரொட்டி இல்லை. அம்மா கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் பசியில் அழுதார். அழுது அழுது ரொட்டி, ரொட்டி என்று ஒரு நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். ஒன்பது வயது அண்ணன் ஒருவன் இருந்தான். அவனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. தூரத்தில் ஒரு ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றால் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, பை இல்லாததால் தலையணையின் உறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். சந்து சந்தாகப் போய், பாதி நாள் வரிசையில் நின்று, ரொட்டியும் வாங்கிவிட்டான். திரும்பி வரும்போது வீட்டு முக்கில் குண்டு பட்டது. வாசலிலிருந்து ஐம்பது அடி இருக்கும்.

பக்கத்து அறைக்காரர் அவனைத் தூக்கி வந்தார். அவர் மனைவி தலையணை உறையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உள்ளே இரண்டு ரொட்டி. உறையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

எந்தப் பக்கத்துக் குண்டு என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் சரித்திர டீச்சர் அல்லவா. சிஸ்டர் தலையை ஆட்டினார். அம்மா கடைசிவரை அதைக் கேட்கவில்லையாம். ஒரு பக்கம் அப்பா போட்டிருந்த அதே உடுப்பு. இன்னொரு பக்கம் மேல்மாடிப் பையன். எவனைத் திட்டுவாள்? போராளிகளைப் பற்றி சிஸ்டர் ஒரு குறை சொல்லவில்லை. அவிய நல்லவிய, உசுரைக் கொடுத்தவிய என்றுதான் சொன்னார். பிற்பாடு அவர்கள் படம் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கியது, அவர் வீட்டிலும் தொங்கியது. அண்ணனுக்கு மாட்ட ஒரு போட்டோகூட இல்லை. எடுத்ததே இல்லை.

இவ்வளவையும் அவர் கல் பொறுக்குகிற கை நிற்காமல் சொன்னார். அதற்குப் பிறகுதான் கை நின்றது.

“அன்னைக்கு சாயங்காலம் அம்மா அந்த ரொட்டியை அறுத்து எங்களுக்குக் குடுத்தா. அண்ணனைக் கட்டில்ல கிடத்தியிருக்கு. நான் பக்கத்துல உக்காந்து தின்னேன்ட்டி. நல்லா இருந்துச்சு. இன்னொரு துண்டு கேட்டேன்.”

நான் சுளகைப் பார்த்தபடியே இருந்தேன். அரிசி எது, கல் எது என்று தெரியவில்லை. என் நாடகத்தில் எழுபது வசனம் இருந்தது. அதில் பசி என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. பல வருஷம் கழித்து மதுரையில் ஒரு லைப்ரரியில் படித்துத் தெரிந்துகொண்டேன், அந்த வாரத்தில் செத்தவர்களில் பாதிக்கு மேல் துப்பாக்கி தூக்காதவர்கள். நான் மேடையில் ஏற்றியது மீதிப் பேரை மட்டும்.

சமையல்காரம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுப்பில் கிடந்த விறகை உள்ளே தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?”

சிஸ்டர் யோசித்தார். ரொட்டி மேல் சீனி தூவித் தின்பான், ஆனால் சீனி எப்போதாவதுதான் வீட்டில் இருக்கும் என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு புளியைக் கரைக்கப் போய்விட்டாள். அன்று புளி எம்புட்டு என்று சிஸ்டர் கேட்கவில்லை.

பத்து நாளில் ஆடி அமாவாசை வந்தது. சதுரகிரி மலைக்குப் போகிற கூட்டத்தில் அன்றைக்கு வத்திராயிருப்பு பஸ்ஸில் மூச்சு விட இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் தொங்கிக்கொண்டாவது சமையல்காரம்மா வருஷம் தவறாமல் ஊருக்குப் போய், செத்துப்போன அப்பன் ஆத்தாளுக்குப் படையல் போட்டுவிட்டு வருவாள். அந்த வருஷம் போகவில்லை. தன் வீட்டுப் படையலைத் தம்பி பெண்டாட்டியைப் போடச் சொல்லிவிட்டாளாம். மத்தியான பெல் அடித்ததும் என்னையும் சிஸ்டரையும் சமையல்கட்டுக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இடத்தைக் கழுவிவிட்டுத் தலைவாழை இலை போட்டிருந்தாள். இலையில் பஸ் ஸ்டாண்டு பேக்கரி ரொட்டி இரண்டு. பக்கத்தில் ஒரு குத்துச் சீனி. ஒரு டம்ளர் டீ. வடை இல்லாமல் படையலா என்று நாலு உளுந்த வடையும் வைத்திருந்தாள். இலைக்கு முன்னால் மடித்து வைத்த ஒரு புது டவுசரும் சட்டையும். ஒன்பது வயசுப் பையனுக்குச் சரியாக இருக்கும் என்று கடைக்காரன் சொன்னானாம்.

மாடி வராந்தாவில் தலைமை சிஸ்டர் நின்றிருந்தார். கன்னியர் மடத்துப் பின்வாசலில் அமாவாசைப் படையல் நடந்தால் அவர் என்ன சொல்வார் என்று பயந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி மடத்து ஜெபக் கோயிலுக்குள் போய்விட்டார். அதைப் பற்றிப் பிற்பாடும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேரென்ன என்று சமையல்காரம்மா கேட்டாள். சிஸ்டர் சொன்னார். அவருடைய நாக்கு அந்தப் பெயரைச் சொன்னபோது மட்டும் வேறு ஊர் நாக்காக இருந்தது. இவளுக்கு அது வாயில் நுழையவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, அய்யா ராசா வந்து சாப்பிடு என்று கூப்பிட்டு, சூடம் கொளுத்தினாள். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துச் சீனியில் புரட்டிச் சுவர் மேல் வைத்தோம். காக்கா வர நேரமே ஆகவில்லை. ஹாஸ்டல் காக்காய்கள் ரொட்டிக்குப் பழகியவை.

அதன் பிறகு சமையல்காரம்மா இலையிலிருந்த ரொட்டியில் ஒரு பெரிய துண்டாகப் பிய்த்து சிஸ்டரிடம் நீட்டினாள். சிஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எனக்கு வேண்டாம்ட்டி. நான் அன்னைக்கே தின்னுட்டேன். அதான் என் பாவம்.”

“என்ன பாவம்?” என்றாள் அவள். குரலில் எரிச்சல்தான் இருந்தது, புளிச் சண்டையில் வருகிற அதே எரிச்சல். “போனவியளுக்கு முன்னால வச்சதை வீட்டாளுக உக்காந்து திங்கணும். அப்பத்தான் அவியளுக்கு மனசு ஆறும். அன்னைக்கு உங்க அம்மா அந்தப் பிள்ளைக்குப் படையல் போட்டிருக்காக. நீங்க பக்கத்துல உக்காந்து தின்னிருக்கீக. ஆறு வயசுலயே முறை தப்பாமச் செஞ்சிருக்கீக. இதுல பாவம் எங்க இருந்து வந்துச்சு?”

ஆறுதலுக்காக அவள் அப்படிச் சொல்லவில்லை. டப்ளினிலும் படையல் போடுவார்கள், படைத்ததை வீட்டார் சாப்பிடுவார்கள் என்று அவள் உண்மையாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். செத்த வீட்டில் பிள்ளை கிடக்க, அம்மா ரொட்டியை அறுத்துக் கொடுத்தாள் என்றால் அவளுக்கு அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. அங்கெல்லாம் அந்த வழக்கம் இல்லை, அது வெறும் பசி என்று திருத்துவதற்கு நான் வாயைத் திறந்துவிட்டேன். நல்லவேளையாக மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அதையும் சேர்த்துக்கொள்வேன்.

சிஸ்டர் அவளையே பார்த்தார். அவ்வளவு பெரிய உருவம், துவைக்கிற கல்லில் மெதுவாக உட்கார்ந்தது. கையை நீட்டி ரொட்டியை வாங்கிக்கொண்டார். நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு வாயில் வைத்தார். மென்றார். கண்ணீர் கன்னத்தில் இறங்கி ரொட்டியில் விழுந்தது, அவர் துடைக்கவில்லை. நாங்கள் இருவரும் அவர் விழுங்குகிற வரைக்கும் அசையவில்லை.

“ரொட்டிக்குள்ளயே சீனி போட்டிருக்கான்ட்டி,” என்றார். “எங்க ஊர்ல உப்புதான் போடுவாக.” இன்னொரு வாய் கடித்துக்கொண்டார். “அண்ணனுக்குப் பிடிச்சிருக்கும்.”

மூன்று பேருமாக உட்கார்ந்து இரண்டு ரொட்டியையும் தீர்த்தோம். எனக்குக் காய்ச்சல் இல்லாமல் நான் தின்ற முதல் ரொட்டி அது. புது டவுசரும் சட்டையும் தோட்டக்காரரின் மகனுக்குப் போயின. டவுசரின் இடுப்பு அவனுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. இடுப்பு அண்ணாக்கயிற்றை அதன் மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு அதையே போட்டுத் திரிந்தான்.

நாடகத்தை நான் தூக்கி எறியத் தயாராக இருந்தேன். சிஸ்டர்தான் வேண்டாம் என்றார். பிள்ளைகள் பாடுபட்டிருக்கிறார்கள், சண்டையும் இருக்கட்டும், தெருவையும் வை என்றார். ஆறாம் வகுப்பில் இருந்ததிலேயே சின்னப் பிள்ளையைப் பிடித்து, கையில் ஒரு தலையணை உறையைக் கொடுத்தேன். அவளுக்கு வசனம் கிடையாது. வீரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மேடையின் முன்பக்கமாக ஒரு ஓரத்திலிருந்து போவாள், கொஞ்ச நேரம் கழித்து உறையில் ரொட்டியோடு திரும்புவாள். பாதி மேடையில் தகரச் சத்தம் கேட்கும். விழுவாள். வீரர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள், தங்கள் வசனத்தைத் தொடர்ந்து பேசுவார்கள். அவ்வளவுதான் நான் மாற்றியது. விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக ஊர் போஸ்ட் மாஸ்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவரைக் கூப்பிட்டபோது நாடகத்தில் தபால் நிலையத்தைப் பிடிக்கப்போகிறார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொடி ஏறியபோது பாவம், நெளிந்தார். ஆனால் அந்தச் சின்னப் பிள்ளை விழுந்ததும் அவரும் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். நாடகம் முடிந்து யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் சிஸ்டர்தான் முதலில் தட்டினார். பிறகு மேடைக்கு நடந்து போய், விழுந்து கிடந்த பிள்ளையைக் கையைக் கொடுத்து எழுப்பி நிறுத்தினார்.

சிஸ்டர் தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் இறந்துபோனார். ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். கடைசி வருஷங்களில் யாராவது ரொட்டி கொண்டுவந்தால் ஒரு துண்டு தனக்கு எடுத்துக்கொண்டுதான் மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். சீனி ஜாஸ்தி என்று ஒவ்வொரு தடவையும் குறை சொல்வார். நான் அதற்கு முன்பே கல்யாணமாகி ராஜபாளையத்திலேயே இருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவதும் நிற்கவில்லை.

சிஸ்டர் போய் நாலைந்து வருஷம் கழித்து எங்கள் பக்கத்தில் ஒரு கலவரம் வந்தது. யார் யாரோடு மோதினார்கள் என்பதை இங்கே நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எந்தப் பக்கம் நியாயம் என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். பஸ்கள் நின்றுவிட்டன. சேத்தூர்ப் பக்கம் கல்லெறி, ரோட்டில் டயர் எரிகிறது, போலீஸ் வந்து இறங்கியிருக்கிறது என்று தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து என் மகளுக்குக் காய்ச்சல். கஞ்சியைத் தள்ளிவிட்டு, ரொட்டி வேண்டும் என்று அழ ஆரம்பித்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

என் வீட்டுக்காரருக்கு மகள் அழுதால் பொறுக்காது. முக்குக் கடைக்காரர் பின்வாசல் வழியாகக் கொடுப்பார், அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டார். நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். முதலில் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். பிள்ளை அழுவது உன் காதில் விழவில்லையா, நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டார். கல்யாணமாகி அவர் என்னிடம் அப்படிப் பேசியது அன்று ஒரு நாள்தான்.

“அழட்டும்,” என்றேன். “பசிச்சா புள்ள அழத்தான் செய்யும். நீங்க போகக் கூடாது.”

அவள் மத்தியானம் வரை அழுதாள். அழுதுகொண்டே தூங்கினாள், எழுந்து மறுபடி அழுதாள். ஒவ்வொரு தடவை ரொட்டி என்று அவள் கேட்கும்போதும் எனக்கு டப்ளினில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா கண்ணுக்கு முன்னால் வந்தாள். பிள்ளை தலையணை உறையைக் கழற்றுவதை அவள் பார்த்திருப்பாளா, பார்க்கவில்லையா என்று சிஸ்டரிடம் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன். கேட்காததும் நல்லதுதான். சாயங்காலம் மகள் சோர்ந்துபோய் என் மடியில் படுத்தபோது, நான் அழுததாலே அப்பாவுக்கு என் மேலே கோபமா என்று கேட்டாள். உன் மேல் யாருக்கும் கோபம் இல்லை, நீ எவ்வளவு அழுதாலும் அது உன் தப்பு இல்லை என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னால் போதும் என்று விட முடியவில்லை. அவள் தூங்குகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எங்கள் தெருவில் அன்று ஒன்றும் நடக்கவில்லை. முக்குக் கடை வரைக்கும் ஒரு பூனை போய் வந்திருக்கலாம், அவ்வளவு அமைதி. பாத்தியா, ஒன்னும் நடக்கல என்று இன்றுவரை என் வீட்டுக்காரர் சொல்லிக் காட்டுவார். சொல்லட்டும். சொல்ல ஆள் இருக்கிறாரே.

மூன்றாம் நாள் கடைகள் திறந்தன. அவர் காலையிலேயே போய் ரொட்டி வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டு பிய்த்துச் சீனியில் புரட்டி முதலில் மாடிச் சுவரில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு மகளுக்குக் கொடுத்தேன். அவள் அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு தின்றாள். நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டு கேட்டாள்.